கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் இன்பராஜ். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன் சார், பேசப் பேச வேறு பேர்கள் வந்துவிடும், அவன் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். எங்கள் பேரூராட்சிச் செயல் அலுவலர், ஈ.ஓ. அம்மா, இரண்டாவது. என் மாப்பிள்ளை மூன்றாவது. ஆனால் வரிசை என்று வந்தால் இன்பராஜ்தான் முதல்.

நீங்கள் ஜன்னல் ஓரம் போங்கள், எனக்கு வெயில் ஆகாது. கலெக்டர் ஆபீஸ் வரைக்குமா? நானும் அங்கேதான். திங்கள்கிழமை மனு வாங்குகிற நாள் இல்லையா. எனக்கு இது ஐந்தாவது திங்கள். இந்தக் கண்டக்டருக்கே என்னைத் தெரிந்துவிட்டது, கேட்காமலே சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான் பாருங்கள்.

இன்பராஜ் எங்கள் பேரூராட்சி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். நல்ல பையன் என்றுதான் ஊரில் பேர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன். அவன் கல்யாணத்துக்குச் சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். இன்னும் அவன் வீட்டில் அது நிற்காமல் ஓடுகிறதாம். அதைச் சொல்கிறபோதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

என் பேர் மாடக்கண்ணு. வடக்குத் தெரு டேங்க்கில் ஆபரேட்டராக இருந்தேன். முப்பத்தோரு வருஷம். மோட்டார் போட வேண்டும், வால்வு திறந்துவிட வேண்டும், எழுபத்திரண்டு படி ஏறிப் போய்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்ற வேண்டும். அப்புறம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்க்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதில் தண்ணீரை விட்டு நாலு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாறும். மாறினால் தண்ணீரில் பிளீச்சிங் மருந்து இருக்கிறது, ஜனங்கள் குடிக்கலாம். மாறாமல் வெறும் தண்ணீராகவே நின்றால் மருந்து இல்லை. இதற்கு என்ன படிப்பு வேண்டும்? நான் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பும் முழுசாக இல்லை.

பார்த்ததைத் தினம் ஒரு படிவத்தில் எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். தேதி, தொட்டியின் மட்டம், குளோரின் எவ்வளவு, இப்படிக் கட்டம் கட்டமாக இருக்கும். கீழே 'குறைகள்' என்று ஒரு கட்டம். அதற்கும் கீழே கையொப்பம். கையொப்பம் இல்லாமல் ஒரு நாள் கூட நான் படிவம் கொடுத்ததில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள் கூட இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கையெழுத்துப் போடுவதற்கு எனக்கு ஒரு முறை உண்டு. பிளீச்சிங் பவுடர் தொட்ட கை இருக்கிறதே, அது மையைத் தின்றுவிடும் சார். ஈரக் கையோடு போட்டால் மை பரவும், ஈரம் இல்லாவிட்டாலும் நாலு நாளில் வெளுத்துப்போகும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அப்படி ஆகி, அப்போது இருந்த கிளார்க் தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு நான் திங்கள்கிழமை காலையில், வீட்டில், டீ குடித்துவிட்டு, கை நன்றாகக் காய்ந்திருக்கும்போது அந்த வாரத்துக்கு உண்டான ஏழு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். 'குறைகள்' கட்டத்தில் 'குறை இல்லை' என்றும் எழுதிவிடுவேன். ஏழையும் ஆபீஸ் டிராயரில் வைத்துவிட்டால் எண்ணை மட்டும் அன்றன்றைக்கு எழுதிக்கொள்ளலாம். வேலை சுத்தமாக இருக்கும்.

என் கையெழுத்தைப் பார்த்தால் மூன்றாம் வகுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செ. மாடக்கண்ணு என்று முழுசாக எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். புள்ளி என் மகள் செண்பகம் ஆரம்பித்து வைத்தது. நாலு வயசில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, நானும் எழுதுவேன் என்று அழுவாள். சரி, நீ புள்ளி வை என்று பேனாவைக் கொடுத்தேன். ஏழு தாள், பதினாலு புள்ளி. அப்புறம் அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாலும் புள்ளி நின்றுவிட்டது. பாங்கியிலும் அதே கையெழுத்துத்தான், ரேஷன் கடையிலும் அதே கையெழுத்துத்தான்.

இன்பராஜ் கதைக்கு வருகிறேன்.

நான் ரிட்டயர் ஆவதற்கு எட்டு மாதம் இருக்கும்போது செண்பகத்துக்குக் கல்யாணம். வடக்குத் தெருவிலேயே மாப்பிள்ளை, சங்கரவேல் என்று பேர், கிரில் பட்டறை வைத்திருக்கிறார். நான் பத்து நாள் லீவில் இருந்தேன். பந்தல்காரனோடு பேசிக்கொண்டு நிற்கிறேன், இன்பராஜ் போன் செய்கிறான். இனிமேல் எல்லா அறிக்கையும் கம்ப்யூட்டரில்தான் போக வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவாம். ஆனால் பார்வைக்குப் பழைய படிவம் மாதிரியே இருக்க வேண்டுமாம், ஒரு கோடு கூட மாறக் கூடாதாம். அதற்கு ஒரு காலிப் படிவம் வேண்டும், பிரஸ்ஸில் அடித்த கட்டு தீர்ந்துவிட்டது, உங்களிடம் இருக்கிறதா அண்ணாச்சி என்று கேட்டான். என் டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன். சாவி ஜன்னல் மேல் இருக்கிறது என்றும் சொன்னேன்.

படிவத்தைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன் சார். கையெழுத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேனா?

லீவு முடிந்து போனேன். என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். அந்தத் தாளை ஸ்கேன் எடுத்து அடியில் விரித்து வைத்திருக்கிறானாம். இலை விரித்து அதன் மேல் சோறு வைப்பது மாதிரி, அவன் தட்டுகிற எண் அந்தந்தக் கட்டத்தில் போய் உட்காருமாம். பட்டனை அமுக்கினான், தாள் வந்தது. அன்றையத் தேதி, அன்றைய எண். கீழே 'குறை இல்லை'. அதற்குக் கீழே என் கையெழுத்து, கோடு, புள்ளி, எல்லாம் அப்படியே.

"கையெழுத்தும் அதுல இருக்கட்டும் அண்ணாச்சி. உங்களுக்குத் தினமும் போடுற வேலை மிச்சம்லா" என்றான்.

நான் சரி என்றேன். நீங்களாக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அப்போது முட்டிவலி வேறு. தொட்டி மேல் வாரத்துக்கு ஒரு தடவைதான் ஏறிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கீழே குழாய்க்குத்தானே வரப்போகிறது, அங்கே பார்த்தால் போதாதா? முதல் தாளை நான் மடித்து எடுத்துக்கொண்டு போய் என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். கம்ப்யூட்டர் என்னை மாதிரியே கையெழுத்துப் போடுகிறது பார் என்றேன். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, அது உங்களைவிட நேராகப் போடுகிறது என்றாள். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் நான் சரி என்றது என் சர்வீஸ் வரைக்கும். அது யாருக்கும் புரியும். இன்பராஜுக்குப் புரியவில்லை.

ரிட்டயர்மெண்ட் அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போத்தி, ஈ.ஓ. அம்மா பேசினார்கள். அண்ணாச்சி போனாலும் அண்ணாச்சியின் கையெழுத்து இந்த ஆபீசில் இருக்கும் என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்ன அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

என் இடத்துக்கு மாசானம் என்று ஒருத்தன் வந்தான். ஒப்பந்தத்தில் வந்தவன். அவன் தெருக்குழாயில் பார்த்துவிட்டு போனில் எண்ணைச் சொல்வான், இன்பராஜ் தட்டுவான், தாள் வரும். ஒன்றை மேலே அனுப்புவார்கள். ஒன்றை டேங்க் அடியில் உள்ள போர்டில் ஒட்டுவார்கள். இரண்டு வருஷமாக இப்படி நடந்திருக்கிறது. மகள் வீட்டுக்குப் போனாலும் டேங்க் பக்கம் நான் போனதில்லை. ரிட்டயர் ஆனவன் போய் நின்றால் வேலை வாங்கிவிடுவார்கள்.

ஐப்பசி மழையில் வடக்குத் தெருவில் எங்கேயோ குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கிறது. தண்ணீரில் மருந்து இருந்திருந்தால் ஓரளவு தாங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்து பிளீச்சிங் பவுடர் ஸ்டாக் இல்லை. மாசானம் இருக்கிறானே, அவனுக்குக் கொஞ்சமாவது சூது வேண்டாமா? சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறான், மாறவில்லை. மாறவில்லை என்றே சொல்லியிருக்கிறான். இன்பராஜ் சைபர் என்று தட்டியிருக்கிறான். மறுநாளும் சைபர். பதினாறு நாள் சார், பதினாறு தாள், பதினாறிலும் சைபர். நானாக இருந்தால் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, ஸ்டோருக்குப் போய்ச் சத்தம் போட்டு மூட்டையை வாங்கி வந்திருப்பேன். இவன் சைபர் சைபர் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

மேலே வாங்கியவர்கள் சைபரைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அவர்கள் 'குறைகள்' கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். நூறு ஊர்த் தாள் வருகிற இடத்தில் எல்லாக் கட்டத்தையுமா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அதில் 'குறை இல்லை' என்று இருக்கிறது. கீழே கையெழுத்தும் இருக்கிறது. அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள்.

தெருவில் பதினொரு பேருக்குக் காமாலை. அதில் செண்பகம் ஒருத்தி.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்தாள். அந்த மஞ்சளை நான் கண்ணாடிக் குழாயில்தான் பார்த்திருக்கிறேன். முப்பத்தோரு வருஷமும் அந்த நிறத்தைப் பார்த்தால் எனக்கு மனசு நிறையும், அப்பாடா என்று இருக்கும். அவள் கண்ணில் பார்த்தபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று வாரம் கிடந்தாள். என் வீட்டுக்காரி ஓடை ஓடையாகப் போய்க் கீழாநெல்லி பிடுங்கி வந்து அரைத்துக் கொடுத்தாள். டாக்டர் அதெல்லாம் வேண்டாம் என்றார், இவள் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நாலாவது நாள். இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வாங்க என்று சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. மேசை மேல் இரண்டு சாமான் வைத்திருந்தார். ஒன்று அவர் போன், அதில் டேங்க் போர்டில் ஒட்டியிருந்த தாளைப் படம் எடுத்து வைத்திருந்தார். இன்னொன்று நிச்சயத்தன்று எழுதி எல்லோருக்கும் முன்னால் வாசித்த தாள், இந்த இந்த நாளில் என் மகளைத் தருகிறேன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"மாமா, இது உங்க கையெழுத்தா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"என் கையெழுத்துதான் மாப்ள. ஆனா நான் போடல."

அவர் போனைத் தள்ளி வைத்தார். அப்புறம் நிச்சயத் தாளைத் தொட்டுக் காட்டி, "நாளைக்கு இதையும் நான் போடலன்னு சொல்வீங்க" என்றார்.

நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறதே மாப்பிள்ளை, தேதியைப் பாருங்கள் என்றேன். தேதியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன் என்றார். வீட்டில் இருந்துகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு ஆபீசில் ஏதோ தருகிறார்கள், தெருவில் பேசிக்கொள்கிறார்கள் என்றார். எனக்கு யார் என்ன தருகிறார்கள்? அந்தச் சால்வைதான் தந்தார்கள். அது துவைத்ததும் சாயம் போய்விட்டது.

செண்பகம் உள்ளே பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். விரலை வைத்து விரித்து, படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் புள்ளி நான் வச்சதுப்பா" என்றாள்.

அது உண்மைதான். கல்யாணத்துக்கு முந்தின திங்கள்கிழமை, லீவு தொடங்குவதற்கு முன்னால், நான் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இன்றைக்கு நான் வைக்கிறேன், இனிமேல் யார் வரப்போகிறார்கள் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கை நிறைய மருதாணி. ஏழு தாளிலும் அவள்தான் புள்ளி வைத்தாள். அதில் ஒரு தாளைத்தான் இன்பராஜ் எடுத்திருக்கிறான்.

"அது திங்கக்கிழமை போட்டதாப்பா?" என்று அப்புறம் கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. உடம்பு முடியாதவள் ஏதோ கேட்கிறாள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அவள் சொன்னது மாப்பிள்ளைக்கும் புரியவில்லை. நல்ல வேளை.

மாப்பிள்ளை கடைசியாகச் சொன்னது இதுதான். அது நீங்கள் போட்டதில்லை என்று ஆபீசில் இருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். அதை டேங்க் போர்டில் நானே ஒட்டுகிறேன், தெருவே பார்க்கட்டும். அன்றைக்கு உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அதுவரைக்கும் வேண்டாம்.

ஒரு கடிதம். நாலு வரி. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இன்பராஜிடம் போனேன். அவன் எழுந்து நின்று நாற்காலியைக் கொடுத்தான், அதற்கொன்றும் குறைவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அது கையெழுத்தே இல்ல. அது படம். அடியில கெடக்குற படம்" என்றான்.

படம்தானே, எடுத்துப் போடு என்றேன். எடுத்தால் கட்டமெல்லாம் அதோடு போய்விடும் என்றான். கையெழுத்தை மட்டும் அழி என்றேன். அதையும் செய்து பார்த்தானாம், என் கண் முன்னாலேயே பழைய தாளை எடுத்துக் காட்டினான். நான் ரிட்டயர் ஆன மறுவாரம் அவனே மனசு கேட்காமல் என் கையெழுத்தின் மேல் வெள்ளை பூசியிருக்கிறான். மூன்று நாள் அறிக்கையும் மேலே இருந்து திரும்பி வந்துவிட்டது, கையொப்பம் இல்லை என்று. சரி, மாசானம் போடட்டும் என்றால், ஒப்பந்த ஆள் கையொப்பம் இட அதிகாரம் இல்லையாம். அதிகாரம் உள்ள ஆபரேட்டர் இடம் காலியாகவே இருக்கிறது, இன்னும் ஆள் போடவில்லை. அதனால் வெள்ளையை எடுத்துவிட்டு என்னையே திரும்ப வைத்துவிட்டான். ஆக அந்த ஆபீசில் செல்லுபடியாகிற கையெழுத்து என்னுடையது ஒன்றுதான் சார். சால்வை போத்தி அனுப்பிவிட்டு, அதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நான் செத்துப் பதினாறு முடிந்தாலும் அது மறுநாள் காலையில் குறை இல்லை என்று போர்டில் ஏறி நிற்கும்.

நீ செய்த வேலைக்கு நீயே ஒரு கடிதம் எழுதிக் கொடு என்றேன். எழுதுகிறேன் அண்ணாச்சி, ஆனால் நான் எழுதினால் யார் மதிப்பார்கள், ஈ.ஓ. கையொப்பம் வேண்டும் என்றான். அதுவும் சரிதான். அவன் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஈ.ஓ. அம்மாவைப் பார்க்க மூன்று நாள் நின்றேன். மூன்றாவது நாள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் கேட்டார்கள். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள்.

"ஐயா, நீங்க போடலன்னு நான் எழுதிக் குடுத்தா, அப்போ யாரு போட்டான்னு அடுத்த கேள்வி வரும். ரெண்டு வருஷ அறிக்கை. நான் என்ன சொல்லட்டும்?"

எனக்கு என்ன தெரியும்? நான் சொன்னேன், அம்மா, என் மகள் வீட்டு வாசலை நான் மிதித்து மாதக்கணக்காகிறது, எனக்கு நாலு வரி போதும் என்று. அவர்கள் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்கள். எழுதப்போகிறார்கள் என்று நினைத்தேன். எழுதாமல் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"அது காலிப் படிவம்தானே ஐயா. காலிப் படிவத்துல உங்க கையெழுத்து எப்படி வந்தது?"

முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் போட்டவனைக் கேட்கிற கேள்வியா சார் இது? அவர்கள் வேலைக்கு வந்து ஆறு வருஷம் இருக்கும். நான் அந்த டேங்க்கில் முதல் வால்வு மாட்டுகிறபோது அவர்கள் பிறந்திருக்கவே மாட்டார்கள். கை ஈரம், பிளீச்சிங் பவுடர், மை வெளுத்துப் போவது, இதெல்லாம் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எப்படிப் புரியும்? எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் பின்னாலேயே ஐயா, ஐயா என்று கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

வீட்டுக்காரி சொல்கிறாள், திரும்பிப் போய் அந்தக் கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுங்கள், அதைச் சொன்னால் அவர்களும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று. அவள் மட்டும் மகள் வீட்டுக்குப் போய் வருகிறாள், அவளுக்கு என்ன. அங்கே என்ன சமையல், செண்பகம் என்ன சாப்பிட்டாள், இளைத்திருக்கிறாளா என்று வந்து சொல்வாள். நான் கேட்காத மாதிரி ரேடியோவைத் திருகிக்கொண்டு கேட்பேன். போன வாரம் செண்பகம், அப்பா வரவேண்டாம், பதிலை மட்டும் அனுப்பச் சொல் என்று சொல்லி விட்டாளாம். எந்தப் பதில்? எல்லோரும் என்னிடமே பதில் கேட்கிறார்கள். தவறு செய்தவனிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் திங்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். மனுவை வாங்கிச் சீல் வைத்து, எந்த ஆபீஸ் மேல் மனுவோ அந்த ஆபீசுக்கே அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஈ.ஓ. அம்மாவுக்கே வந்தது. இரண்டாவது திங்கள் வேறு ஒருவரைப் பிடித்து எழுதினேன், அதுவும் போய் இன்பராஜ் மேசையில் உட்கார்ந்துகொண்டது. அவன்தான் பதில் தயார் செய்தவன். 'மனுதாரர் குறிப்பிடும் கையொப்பம் படிவத்தின் ஒரு பகுதியாகும்' என்று வந்தது. மூன்றாவது தடவை, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று ஜன்னலில் இருந்த ஒருத்தர் கேட்டார். போட்டேன். கோடு, புள்ளி எல்லாம் சரியாகப் போட்டேன். டேங்க் தாளையும் அதையும் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒத்துப்போகுதே பெரியவரே" என்றார். நான் என்ன செய்வேன்? மாற்றிப் போடவா முடியும், என் கையெழுத்து அதுதானே.

இன்று காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் டேங்க் வழியாக வந்தேன். இன்றையத் தாளை ஒட்டிவிட்டார்கள். பசை கூடக் காயவில்லை. என்ன எண் போட்டிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பையில் வைத்திருந்தேன். கீழே குறை இல்லை என்று இருந்தது. அது கண்ணாடி இல்லாமலே தெரியும். தண்ணீரில் மருந்து இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது சார். சத்தியமாக எனக்குத் தெரியாது. இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று அந்தத் தாளைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். நான் நடந்துவிட்டேன்.

பைபாஸ் திரும்பிவிட்டதே, இன்னும் பத்து நிமிஷம்தான். உங்களைக் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிறீர்கள், நல்ல பேனா. படித்தவர் என்று ஏறும்போதே பார்த்துக்கொண்டேன். அங்கே மரத்தடியில் எழுதிக் கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதித் தள்ளுகிறார்கள், என் விஷயம் அவர்களுக்குப் புரிவதில்லை. நீங்கள் முழுசாகக் கேட்டீர்கள். நாலு வரி போதும். இன்பராஜ் பேர் முதலில் வர வேண்டும். அந்தக் கடிதம் அவர்கள் எனக்குத் தரவேண்டியது, இத்தனை மாதமாகத் தராமல் வைத்திருக்கிறார்கள் என்று வர வேண்டும். வேறெதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

இந்தாருங்கள் தாள். இந்த மஞ்சள் பைக்குள் அட்டை வைத்துக் கசங்காமல் கொண்டுவந்திருக்கிறேன். மேலே எங்கே வேண்டுமானாலும் ஆரம்பித்துக்கொள்ளுங்கள்.

கீழேயா? அது நான் காலையில் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டேன் சார். பஸ் ஆடும், கையெழுத்துக் கோணிவிடும். புள்ளி இரண்டும் கூடச் சரியாக வந்திருக்கிறது பாருங்கள். நாலு தாளிலும் போட்டிருக்கிறேன், ஒன்று எழுதும்போது தப்பினால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

இறங்குகிற இடம் வந்துவிட்டதே. சரி, அவசரப்பட வேண்டாம், உங்கள் வேலையை முடித்துவிட்டு எழுதுங்கள், நான் அந்த ஜன்னல் வரிசையில்தான் நிற்பேன். எனக்குப் படித்துக்காட்டவெல்லாம் வேண்டாம். மிச்சத் தாள் மூன்றும் உங்களிடமே இருக்கட்டும்.